ஓட்டுப் பக்கத்துக்கு ஆள் வருகிறது, ஓட்டு மட்டும் விழவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

மார்கழி பிறந்தால் எனக்கு வேலை கூடிவிடும். கோலப் போட்டி, குறும்படப் போட்டி, பொங்கலுக்கு ஃப்ளாட் சங்கம் நடத்தும் சமையல் போட்டி என்று எல்லாவற்றுக்கும் இப்போது ஆன்லைன் ஓட்டு வந்துவிட்டது, அந்தப் பக்கங்களைச் செய்து கொடுப்பதும் ஓடும்போது பார்த்துக்கொள்வதும் என் வேலை. போட்டி தொடங்கிய அன்று சாயங்காலமே ஃபோன் வரும்: "லிங்க் எல்லா குரூப்புலயும் போட்டாச்சு, ஓட்டே விழல, டிசைன் மாத்தலாமா?" டிசைனை மாற்றுவதற்கு முன் நான்கு எண்ணிக்கையைக் கையில் எடுங்கள். எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் ஏதாவது ஒரு படத்தைத் தொட்டார்கள், எத்தனை பேர் ஓடிபி கேட்டார்கள், எத்தனை பேர் கடைசிவரை போய் முடித்தார்கள். எந்த இடத்தில் ஆள் குறைகிறாரோ அங்கேதான் கோளாறு. இந்த நான்கையும் பதிவு செய்யாமல் பக்கத்தை வெளியிட்டிருந்தால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்றே தெரியாது.

நிறையப் பேர் திறக்கிறார்கள், யாரும் எதையும் தொடவில்லை

இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். முதலாவது, படங்களின் எடை. கோலம் போட்டவர் மொபைலில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பியிருப்பார், ஒவ்வொன்றும் 4 எம்பி இருக்கும், நாற்பது கோலம் என்றால் 160 எம்பி. அதை ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால், தினசரி டேட்டாவில் மிச்சம் கொஞ்சமே இருக்கிற ஒருவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். படங்களை 1080 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள், திரைக்குக் கீழே இருக்கும் படங்கள் உருட்டும்போது மட்டும் வரட்டும். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் ஒரு அளவு வைத்திருக்கிறது. ஆபீஸ் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாமல், மொபைல் டேட்டாவில், பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் பாருங்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை ஒரு கோலப் போட்டிக்கு ஓட்டுப் போட உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தேன். லிங்க்கைத் தொட்டார், பக்கம் வந்தது, முதல் திரையிலேயே பெயர், மொபைல் எண், ஈமெயில், ஊர் என்று நான்கு கட்டங்கள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "இதெல்லாம் எதுக்குப்பா கேக்குது, நான் கோலத்தைப் பாக்கத்தானே வந்தேன்" என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். அதற்குக் கீழே நாற்பது கோலம் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தப் பக்கத்தை நான் செய்யவில்லை, ஆனால் அதற்கு முன் நான் செய்த சில பக்கங்களும் அப்படித்தான் இருந்தன. அன்றிலிருந்து கோலம் முதலில், ஆள் யார் என்ற கேள்வி கடைசியில் என்றுதான் செய்கிறேன். பார்க்கட்டும், பெரிதாக்கிப் பார்க்கட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், "இந்தக் கோலத்துக்கு ஓட்டு" என்ற பட்டனைத் தொட்ட பிறகு மொபைல் எண்ணை மட்டும் கேளுங்கள். ஒன்று பிடித்துப்போய்க் கையில் எடுத்துக்கொண்டவர் எண்ணைக் கொடுக்கத் தயங்குவது குறைவு. ஊர், வயது, ஈமெயில் எல்லாம் ஓட்டு எண்ணுவதற்குத் தேவைப்படாது, எடுத்துவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கிறார்கள், ஓடிபியில் நின்றுவிடுகிறார்கள்

இங்கேதான் அதிக ஓட்டு தொலைகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடிபி யாருக்குமே போகவில்லை என்றால் முதலில் டிஎல்டி பதிவை, அதாவது எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்ய வேண்டிய பதிவைப் பாருங்கள். இந்தியாவில் எஸ்எம்எஸ் அனுப்ப நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் டெம்ப்ளேட் மூன்றையும் பதிவு செய்திருக்க வேண்டும், நீங்கள் அனுப்பும் வாசகம் பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். 2021 மார்ச்சில் இந்த வடிகட்டல் முழுமையாக அமலானபோது வங்கி ஓடிபிகளே நாடு முழுக்கத் தடைபட்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் "நன்றி" என்று ஒரு சொல்லைக் கடைசியில் சேர்த்திருப்பார், அதுவே போதும் செய்தி விழாமல் போக. எஸ்எம்எஸ்ஸில் ஓட்டு லிங்க்கையே அனுப்புவதாக இருந்தால் அந்த லிங்க்கும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து இது கட்டாயம்.

தமிழில் ஓடிபி அனுப்புகிறீர்களா? நல்லது, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து கிடைக்கிறது, தமிழுக்கு 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். நீண்ட வாசகம் இரண்டு மூன்று துண்டாகிக் காசும் கூடும். எண்ணை முதலில் வையுங்கள், "482913 உங்கள் ஓட்டுக்கான ஓடிபி" என்ற அளவில் நிறுத்துங்கள். மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலேயே எண் தெரிந்துவிட்டால் செய்தியைத் திறக்கவே வேண்டாம்.

சிலருக்கு மட்டும் "தவறான ஓடிபி" என்று வருகிறதா? அநேகமாக அவர்கள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பு என்பதைத் தொட்டிருப்பார்கள், அப்போது முதல் ஓடிபி தாமதமாக வந்து சேர்ந்திருக்கும், அதை அடிப்பார்கள், உங்கள் சர்வரோ இரண்டாவதை மட்டும்தான் ஏற்கும். மறுபடி அனுப்பும்போது புதிய எண்ணை உருவாக்காமல் காலாவதி ஆகும்வரை அதே எண்ணையே அனுப்புங்கள். பட்டனையும் 30 வினாடிக்குப் பிறகு காட்டுங்கள்.

அப்புறம், ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து லோடு ஆகிறது என்ற புகார். 2 ஜிபி, 3 ஜிபி ராம் உள்ள ஃபோன்களில் இது நடக்கும், பிரௌசர் டேபை ஃபோனே மூடிவிடும். தேர்ந்தெடுத்த கோலம், அடித்த மொபைல் எண் இரண்டையும் பிரௌசரிலேயே சேமித்து வைத்து, திரும்பி வந்தால் ஓடிபி கட்டத்திலேயே நிறுத்துங்கள். இதைச் செய்யாத பக்கத்தில் ஒருவர் மூன்று முறை முயன்றுவிட்டுக் கைவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன், மூன்றாவது முறை அவர் எந்தக் கோலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஓடிபி கட்டத்தில் எண் விசைப்பலகை வருமாறும், ஃபோனே ஓடிபியை எடுத்து நிரப்ப அனுமதிக்கும் குறிப்பும் போட்டுவிடுங்கள், இரண்டும் ஒரு வரி வேலை.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூர், துபாய் எண்களுக்கு ஓடிபி போகாது என்றால் ஈமெயில் வழி ஒன்று வைத்திருங்கள். கூகுள் கணக்கு வழியாக உள்ளே விடுகிறீர்கள் என்றால், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரௌசரில் கூகுள் அதை அனுமதிக்காது, பிழை காட்டும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு "குரோமில் திறக்கவும்" என்று ஒரு வரி காட்டினால் போதும்.

ஒரே பதிவுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு ஏறுகிறது

சந்தேகப்படுங்கள், ஆனால் அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். நியூசிலாந்தில் ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் என்ற அமைப்பு 2005 முதல் ஆண்டின் சிறந்த பறவைக்கு ஆன்லைன் ஓட்டு நடத்துகிறது. ஒருவர் ஐந்து பறவைகள்வரை தேர்ந்தெடுக்கலாம், கிட்டத்தட்ட ஒரு திருவிழா மாதிரி நடக்கும். 2020-இல் சின்னப் புள்ளிக் கிவிக்கு ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணைய இணைப்பின் ஒரே அடையாள எண்ணிலிருந்து, 1,500-க்கும் மேல் போலி ஓட்டு விழுந்தது. 2023-இல் ஒரே ஆள் ஒரு பெங்குவினுக்கு 40,000 ஓட்டுப் போட்டார். அதே ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் ஜான் ஆலிவர் பூட்டேகெடெக்கே என்ற நீர்ப்பறவைக்குப் பிரசாரம் செய்ததில் 195 நாடுகளிலிருந்து மூன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் வந்து குவிந்தது, அந்தப் பறவை ஜெயித்தது, சரிபார்க்க நேரம் போதாமல் முடிவை இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். எனக்குப் பிடித்தது, போலி ஓட்டு விழுந்ததையும் நீக்கியதையும் அவர்களே வெளியே சொன்னார்கள். மக்கள் அடுத்த ஆண்டும் வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஒரு ஐபிக்கு ஒரு ஓட்டு" என்று பூட்டுப் போட்டுவிடாதீர்கள், நம் ஊரில் இது பெரிய தப்பாகிவிடும். மொபைல் நிறுவனங்கள் ஏகப்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன, ஒரு வீட்டு வைஃபையில் ஐந்து பேர் இருப்பார்கள், ஒரு கல்லூரி விடுதியே ஒரே முகவரியில் இருக்கும். பிரௌசரில் ஆளை அடையாளம் காண வைக்கும் குக்கீயை மட்டும் நம்பினாலும் பலனில்லை, எதையும் நினைவில் வைக்காத இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்தால் முடிந்தது. ஈமெயில் வைத்து ஓட்டு எண்ணினால், ஜிமெயிலில் புள்ளி எங்கே வைத்தாலும் ஒரே பெட்டிதான் என்பதையும், பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எத்தனை முகவரி வேண்டுமானாலும் உண்டாக்கலாம் என்பதையும் கணக்கில் எடுத்து, புள்ளியையும் கூட்டல் குறிக்குப் பின் வருவதையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

நான் செய்வது இதுதான். ஓட்டை வாங்கிக்கொள்கிறேன், நன்றி என்று காட்டுகிறேன், ஆனால் ஒரே முகவரியிலிருந்து ஒரே பதிவுக்குச் சில நொடி இடைவெளியில் தொடர்ந்து வருபவற்றைத் தனியே குறித்து வைக்கிறேன். போட்டி முடிந்த பிறகு நடத்துபவர்களோடு உட்கார்ந்து பார்த்து முடிவு செய்கிறோம். உடனே தடுத்தால் ஏமாற்றுபவர் அடுத்த வழியைத் தேடுவார். விதியில் "சந்தேகத்துக்குரிய ஓட்டுகள் பரிசோதனைக்குப் பின் நீக்கப்படும்" என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், பாதியில் சேர்த்தால் சண்டைதான். யார் முன்னிலை என்ற நேரடிப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள், மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும் காட்டுங்கள். முன்னிலைப் பட்டியல் இருந்தால் பக்கம் பரபரப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பின்தங்கியிருப்பவரின் ஆட்கள் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள், முன்னால் இருப்பவருக்குத் தப்பு செய்யும் ஆசை வரும்.

திறக்காத ஈமெயிலிலிருந்தும் ஓட்டு விழுகிறது

"இங்கே தொட்டால் ஓட்டு" என்று ஈமெயிலில் லிங்க் அனுப்பியிருப்பீர்கள். அலுவலக ஈமெயில்களில் வைரஸ் சோதிக்கும் மென்பொருள் ஒவ்வொரு லிங்க்கையும் தானே திறந்து பார்க்கும், வாட்ஸ்அப்பும் முன்னோட்டம் காட்டப் பக்கத்தை எடுக்கும். லிங்க்கைத் திறந்தாலே ஓட்டுப் பதிவாகும்படி வைத்திருந்தால் இவையெல்லாம் ஓட்டாகிவிடும். லிங்க் பக்கத்தைக் காட்ட மட்டும், ஓட்டு பட்டனைத் தொட்டால் மட்டும். இதை அலட்சியம் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-இல் டைம் பத்திரிகை நடத்திய செல்வாக்கு மிக்கவர்கள் ஓட்டெடுப்பைச் சொல்லலாம். ஒரு யூஆர்எல்லைத் திறந்தாலே ஓட்டு என்ற நிலையைப் பயன்படுத்தி, 4சேன் என்ற இணைய அரட்டைத் தளத்தின் ஆட்கள் அதை நிறுவியவரை முதலிடத்தில் ஏற்றியதோடு, முதல் 21 பேரின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் தாங்கள் நினைத்த வாசகம் வரும்படி வரிசையையே அடுக்கிவிட்டார்கள்.

பட்டியலில் முதலில் இருப்பவர்தான் எப்போதும் முன்னிலை

கோலம் நன்றாக இருக்கலாம், ஆனால் முதல் இடத்துக்கென்று ஒரு பலம் உண்டு. வாக்குச்சீட்டில் பெயர் முதலில் வந்தால் கொஞ்சம் ஓட்டு கூடும் என்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் 1992 தேர்தலை வைத்து ஆய்வே செய்திருக்கிறார்கள், கலிஃபோர்னியாவில் அகரவரிசையையே குலுக்கல் போட்டு மாற்றித்தான் பெயர்களை அச்சிடுகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் காட்டுங்கள். ஆனால் ஒரே ஆள் திரும்பி வந்தால் முன்பு பார்த்த அதே வரிசை வர வேண்டும், இல்லாவிட்டால் "மயில் கோலம் மேலேதானே இருந்தது, எங்கே போச்சு" என்று தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கோலத்துக்கும் நிலையான ஒரு எண் கொடுத்துப் படத்தின் மேலேயே போட்டுவிட்டால் "17-ஆம் நம்பருக்குப் போடுங்க" என்று சொல்லியனுப்பவும் வசதி.

வயதானவர்களால் மட்டும் முடியவில்லை

சின்ன வட்டத்தைக் குறிபார்த்துத் தொடச் சொல்லாதீர்கள், படம் முழுவதுமே தொடும் இடமாக இருக்கட்டும். பட்டன் 44 பிக்ஸல் உயரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், வெளிர் சாம்பலில் எழுதும் பழக்கத்தை விடுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் கடைசி எழுத்து வெட்டுப்படும், எழுத்தின் மேலே வரும் வளைவும் கீழே வரும் சுழியும் நறுக்கப்படும். பட்டனின் உயரத்தைப் பூட்டாமல் விடுங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். இன்னொன்று, சமர்ப்பிக்கவும் என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? "ஓட்டுப் போடுகிறேன்" என்று எழுதுங்கள்.

"நான் போட்டேனா இல்லையான்னு தெரியல"

இப்படி ஃபோன் வந்தாலோ, ஒரே எண்ணிலிருந்து நான்கைந்து முயற்சிகள் பதிவாகியிருந்தாலோ, உங்கள் உறுதிசெய்யும் திரை சரியில்லை. பட்டனைத் தொட்டதும் அது மங்கி "அனுப்புகிறோம்" என்று மாற வேண்டும், இரண்டு முறை தொட்டாலும் ஒரு ஓட்டுதான் பதிவாக வேண்டும். பிறகு வரும் திரையில் பச்சை டிக் மட்டும் போதாது, தேர்ந்தெடுத்த கோலத்தின் படம், எண், நேரம் மூன்றும் இருக்கட்டும். அத்தைக்கு அடுத்த முறை இப்படி ஒரு திரை வந்தபோது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார், தங்கையும் ஓட்டுப் போட்டார். ஓட்டு போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தவர்தான் இன்னொருவரைக் கூப்பிடுகிறார்.

ஆனால் சங்கத் தேர்தல் மாதிரி ரகசியமாக நடக்க வேண்டியதற்கு இது கூடவே கூடாது. யாருக்குப் போட்டார் என்பது திரையில் இருந்தால் "காட்டு பார்க்கலாம்" என்று கேட்பதற்கு ஆள் இருப்பார். அங்கே "உங்கள் ஓட்டு கிடைத்தது" என்பதோடு நிறுத்திவிட வேண்டும். எஸ்டோனியா 2005 முதல் உண்மையான தேர்தலிலேயே இணைய ஓட்டை அனுமதிக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு இணையத்தில்தான் விழுந்தது. அங்கே ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் எண்ணப்படும், நேரில் போய்க் காகிதத்தில் போட்டால் அதுவே நிற்கும். பக்கத்தில் நின்று மிரட்டிப் போட வைத்தாலும் அப்புறம் தனியாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்திலும் முடியும்வரை மாற்ற அனுமதியுங்கள், தப்பாகத் தொட்டுவிட்டேன் என்ற புகார்கள் நின்றுபோகும்.

முதல் நாள் கூட்டம், அப்புறம் சத்தமே இல்லை

நினைவூட்டலை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள், போடாதவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஏற்கனவே போட்டவருக்கு மறுபடி வந்தால் "அப்ப அன்னைக்கு போட்டது சேரலையா?" என்று அவருக்குச் சந்தேகம் வரும். வாட்ஸ்அப்பில் லிங்க்கோடு ஒரு கோலத்தின் படமும் முன்னோட்டமாக வருகிறதா என்று பாருங்கள், வெறும் லிங்க் வந்தால் மோசடி என்று நினைத்துத் தொட மாட்டார்கள், அப்படி நினைப்பது நியாயமும்கூட.

ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் 2016-இல் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்க ஆன்லைனில் ஓட்டு நடத்தினார்கள், "போட்டி மெக்போட்ஃபேஸ்" (Boaty McBoatface, படகுமூஞ்சி என்பது மாதிரி) என்ற வேடிக்கைப் பெயர் 1,24,109 ஓட்டு வாங்கி ஜெயித்தது, கப்பலுக்கோ இயற்கை ஆவணப்படங்களால் பெயர்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள், ஜெயித்த பெயர் அதோடு போகும் ஒரு சின்ன நீர்மூழ்கிக்குப் போனது. நடுவர் மதிப்பெண்ணும் சேரும் என்றால் ஓட்டுக்கு எத்தனை சதவீதம் என்று பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முடியும் நேரம் இன்னொரு தொல்லை. "ஜனவரி 14 நள்ளிரவு 12 மணி" என்றால் 13 முடியும் ராத்திரியா, 14 முடியும் ராத்திரியா? "ஜனவரி 14, செவ்வாய், இரவு 11:59, இந்திய நேரம்" என்று கிழமையோடு எழுதுங்கள். சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நீங்கள் வைத்த 11:59 நமக்கு மறுநாள் காலை 5:29 ஆகிவிடும். ராத்திரி தூங்கப் போனவர் முன்னிலையில் இருந்து, விடிந்தபோது பின்தங்கியிருந்த ஒரு போட்டியை எனக்குத் தெரியும். தப்பு கடிகாரத்தில்தான், ஆனால் அந்த இரண்டு குடும்பங்களும் அதை இன்னும் நம்பவில்லை.

ஒரே பெயர் முடிவில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது

தாங்களே பெயரைத் தட்டச்சு செய்து பரிந்துரைக்கும் வசதி கொடுத்திருந்தால் இது வரும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். கொடிமலர் என்ற பெயருக்கு இரண்டு வரி வந்துவிடும். "ஸ்ரீ" எழுத்திலும் இப்படி இரண்டு வகை உண்டு, "ஔ" போட வேண்டிய இடத்தில் ஒ, ள இரண்டையும் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. கணினி எழுத்துகளுக்கான பொதுத்தரமான யூனிகோடு சொல்லும் என்எஃப்சி முறைக்கு (இரண்டு வகையையும் ஒரே வகையாக்கும் முறை) மாற்றிய பிறகு எண்ணினால் முதல் சிக்கல் தீரும், மற்ற இரண்டையும் ஆள் உட்கார்ந்துதான் சேர்க்க வேண்டும். முடிந்தால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள்.

முடிந்த பிறகும் ஆள் வந்துகொண்டிருக்கிறார்

லிங்க் குரூப்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், பக்கத்தை மூடிவிட்டு "பக்கம் இல்லை" என்று காட்டாதீர்கள். அதே முகவரியில் முடிவைப் போடுங்கள். வென்ற கோலங்கள், மொத்த ஓட்டு, நீக்கியது எத்தனை, ஏன் நீக்கினோம் என்று இரண்டு வரி, கீழே எல்லாக் கோலங்களின் படங்களும். தோற்றவர்களும் தங்கள் கோலத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்ட அங்கேதான் வருவார்கள். பிறகு ஒரு வாரம் ஆட்சேபணைக்கு விட்டுவிட்டு, ஓட்டுக்காக வாங்கிய மொபைல் எண்களை முழுவதுமாக அழியுங்கள், அழித்த தேதியையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.